முன்னால் போக ஒரே ஒரு கியர்

எந்த வண்டியின் மூடியைத் திறந்தாலும் அவர் முதலில் செய்வது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் கொடுப்பதுதான். உச். அதற்குப் பிறகுதான் விளக்கு. அதற்கும் பிறகுதான் கை. இருபத்தாறு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு அவருடைய சொந்தப் பெயரை ஊர் மறந்துவிட்டது. உச்சு மெக்கானிக் என்றால் தபால்காரருக்கும் தெரியும்.

அந்த உச்சில் மூன்று தினுசு உண்டு. சின்னதாக வந்தால் வண்டியில் கோளாறு. இழுத்து வந்தால், இதற்கு முன்னால் கை வைத்த மெக்கானிக்கிடம் கோளாறு. இரண்டு உச் அடுத்தடுத்து வந்தால் கோளாறு வண்டியின் சொந்தக்காரரிடமே. இந்த மூன்றாவது தினுசைக் கேட்டவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்ததில்லை.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. அதுதான் வினையே. எஞ்சின் ஓடும்போது ஒரு நீளமான ஸ்குரூடிரைவரை அதன் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, எத்தனையாவது சிலிண்டரில் என்ன தகராறு என்று சொல்லிவிடுவார். சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். ஆனால் சரியாகச் சொல்கிறவர் அதோடு நிறுத்த வேண்டுமே. முதல் பட்டறையில் முதலாளியின் தம்பி செய்த வெல்டிங்கைப் பார்த்து, "இது ஒட்டுனதா, துப்புனதா?" என்று கேட்டார். மூன்றாவது பட்டறையில், பிரேக் கீச்சிடுகிறது என்று வந்த பாட்டு டீச்சரிடம், "பிரேக் சுருதியாத்தான் இருக்கு. உங்க காலுக்குத்தான் தாளம் வரல" என்றார். ஐந்தாவதில் என்ன சொன்னார் என்று இன்றுவரை அவர் மனைவிக்குத் தெரியாது. அன்று மதியச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிட்டார், கருவிப்பெட்டியோடு.

இப்படி ஆறு பட்டறை தாண்டி ஏழாவதுக்கு வந்தபோது அங்கே ஒரு முதலாளியம்மா இருந்தார். மாமனார் நடத்திய பட்டறை, கணவருக்கு வண்டி என்றாலே தலைவலி; அதனால் இவர் கைக்கு வந்தது. எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆட்களைப் பற்றி நன்றாகத் தெரியும். சேர்ந்த மூன்றாம் மாதமே உச்சுவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. உங்க கை எனக்கு வேணும். உங்க நாக்கு வேணாம். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்னா ரெண்டுமே வேணாம். இன்னும் ஒரே ஒரு ஆள் மூஞ்சியைச் சுளிச்சிட்டு அந்த கேட்டைத் தாண்டுனா, பின்னாடியே நீங்களும் தாண்டுவீங்க."

வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "இந்த ஊர்ல எட்டாவது பட்டறை கிடையாது. நான் எண்ணிப் பாத்துட்டேன்" என்றாள். கல்யாணத்துக்கு முன் அவளைப் பார்க்க வந்த அன்றே, தலைக்கு மேல் கடகடத்த மின்விசிறியைப் பார்த்து அவர் உச்சுக் கொட்டியிருக்கிறார். "அதை அறிவுன்னு நெனச்சேன். அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு" என்பாள் அவள்.

அப்படிப்பட்ட நேரத்தில் பல் டாக்டர் வந்தார்.

அவருடைய கார் இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். வெளிறிய மஞ்சள். உட்கார்ந்தால் கை தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்வு. எஞ்சின் பின்னால், முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். அந்த எஞ்சின் செத்து ஆறு மாதம். ஆயில் இல்லை என்று எரிந்த சிவப்பு விளக்கை, பழைய கார் அல்லவா, அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஓட்டியிருக்கிறார் மனிதர். அதோடு விட்டாரா? விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய ஒரு குடும்பக் காரிலிருந்து ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைத் தானே தேடி வாங்கி, பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி, சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, கட்டி இழுத்து வந்த காருக்குப் பின்னாலேயே வந்திருந்தார்.

"அதே இடத்துல அப்படியே உக்காந்துடும்னு சொல்றாங்க" என்றார் பல் டாக்டர்.

"யாரு சொல்றாங்க?"

"எல்லாரும்தான். இன்னியிலிருந்து அஞ்சாவது ஞாயித்துக்கிழமை ஆத்தோர ரோட்டுல எங்க பழைய கார் சங்கத்தோட அணிவகுப்பு. இந்தத் தடவை முதல் கார் என்னோடது. முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற பட்டறை பாத்துக்கறேன்."

உச்சுவின் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஒன்றல்ல, இரண்டு, தயாராக நின்றன. கண்ணாடி அறைக்குள் முதலாளியம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். உச்சு பலமாக இருமினார்.

"உடம்பு சரியில்லையா?" என்றார் பல் டாக்டர்.

"தூசி" என்றார் உச்சு.

அடுத்த ஐந்து வாரமும் அவருக்கு இருமல்தான்.

மாற்று எஞ்சின் பொருத்துவது மாப்பிள்ளையை மாற்றி அதே சட்டையைப் போட்டுவிடுகிற வேலை என்பது அவர் கட்சி. எங்கேயோ பிதுங்கும், எங்கேயோ தொங்கும். ஆனால் கை வைத்துவிட்டால் கை ஏமாற்றாது. பழைய கியர்பாக்ஸும் புது எஞ்சினும் சேரும் இடத்தில் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்து இரண்டு விரல் கனத்துக்கு ஓர் இணைப்புத் தகடு கடைந்தார். எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டுப் பதினொரு தடவை இறக்கி ஏற்றினார். பதினொன்றாவது தடவை அது உட்கார்ந்தது, அளவெடுத்துப் பிறந்ததுபோல. தண்ணீர்க் குழாய்களைத் தரையோடு தரையாக முன்பக்க ரேடியேட்டர் வரை கொண்டுபோனார். ஒரு போல்ட்டுக்குக்கூட வாஷர் மறக்கவில்லை.

கியர்பாக்ஸை மட்டும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது பழசு, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, இருக்கட்டும். கியர்பாக்ஸைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்துதான். "எஞ்சின்தான்டா ஆளு. கியர்பாக்ஸ் அவன் காலுல கெடக்குற செருப்பு." இதைப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், எலக்ட்ரீஷியனிடம் வாரத்துக்கு இரண்டு முறை.

எலக்ட்ரீஷியனுக்கு அவர் வைத்த பெயர் பல்பு. முப்பத்தொரு வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். எஞ்சினைத் தொடாமல் வண்டியில் வேலை செய்கிறவன் எல்லாம் உச்சுவின் கணக்கில் விருந்தாளி. நான்காவது வாரம், எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டார்கள் இரண்டையும் மேசைமேல் வைத்து பேட்டரி கொடுத்துப் பார்த்த பல்பு, எழுந்து வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு விஷயம். பழைய காரோட மோட்டார் இப்படிச் சுத்துது. இந்தப் புது எஞ்சினோடது அப்படிச் சுத்துது. எதிரும் புதிருமா இருக்கு."

"சுத்தட்டும்."

"இல்லண்ணே, மோட்டார் மாறிச் சுத்துச்சுன்னா எஞ்சினும்..."

"டேய். நீ எத்தனை எஞ்சின் பிரிச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"நான் எத்தனை பிரிச்சிருக்கேன்னு எனக்கே தெரியாது. வயரைப் பிடி, வாயை மூடு."

பல்பு வயரைப் பிடித்தான், வாயை மூடினான். ஆனால் மூடுவதற்கு முன் லேசாகச் சிரித்தானோ என்று உச்சுவுக்குப் பிற்பாடு ஒரு சந்தேகம் வந்தது.

அணிவகுப்புக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கார் தயார். பல் டாக்டர் தன் நோயாளிகளை வாய் திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். முதலாளியம்மா கண்ணாடி அறையைவிட்டு வெளியே வந்தார். எதிர்ப்பக்க முடிதிருத்தும் கடைக்காரர் சீப்போடு வாசலுக்கே வந்துவிட்டார். அவருடைய ஸ்கூட்டரை உச்சு ஒருமுறை "இதை ஓட்டாதீங்க, துணி காயப்போடுங்க" என்று சொன்னதிலிருந்து அவருக்கு இந்தப் பட்டறையில் நடப்பதெல்லாம் அக்கறை.

சாவியைத் திருப்பினார் உச்சு. ஆறு சிலிண்டரும் ஒரே மூச்சில் பிடித்தன. முறுக்கிய சத்தம் வாசல் தகரத்தை அதிரவைத்தது. பல் டாக்டர் கைபேசியில் படம் பிடித்தபடி கண் கலங்கினார். உச்சு கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் அவர் நாக்கு சொல்லாமல் அடக்கிய ஐந்து வாரமும் இருந்தது. முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டார்.

கார் பின்னால் பாய்ந்தது.

பழைய டயர் அடுக்கில் மோதி, அடுக்கு சரிந்து, ஒரு டயர் தனியாக உருண்டு போய் முதலாளியம்மாவின் காலடியில் சுற்றிச் சுற்றிப் படுத்தது. உச்சு கியரைக் கவனமாகப் பார்த்தார். முதல் கியர்தான். தப்பாக விழுந்திருக்கும் என்று இரண்டாவதைப் போட்டார். கார் இன்னும் வேகமாகப் பின்னால் போய்ச் சுவரை முட்டுவதற்கு ஒரு சாண் முன்பு நின்றது. மூன்றாவதைப் போட்டுப் பார்க்கத் தெம்பில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டார். கார் சாதுவாக, மெதுவாக, முன்னால் வந்தது.

"இது... செட்டிங்கா?" என்றார் பல் டாக்டர், கைபேசியை இறக்காமல்.

பல்பு விரல் விட்டு எண்ணினான். "அண்ணே, பின்னாடி போறதுக்கு மட்டும் நாலு கியர் இருக்கு நமக்கு. உலகத்துலயே யாருகிட்டயும் இல்ல."

முடிதிருத்தும் கடைக்காரர் உள்ளே ஓடி, பாதி முடி வெட்டிய ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார், பார்க்கட்டும் என்று.

உச்சுவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. புது எஞ்சின் பழையதுக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிற ஜாதி. எஞ்சின் திரும்பிச் சுற்றினால் கியர்பாக்ஸ் திரும்பிச் சுற்றும், சக்கரமும் திரும்பிச் சுற்றும். மேசைமேல் அந்த மோட்டார் ஒரு வாரத்துக்கு முன்பே சொன்னதும் அதுதான். பல்பைப் பார்த்தார். பல்பு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் வாங்கின எஞ்சின் தப்பா?" என்றார் பல் டாக்டர். குரலில் ஏற்கெனவே கோபத்தின் ஓரம் தெரிந்தது.

"இன்னிக்கு வியாழக்கிழமை" என்றார் முதலாளியம்மா. உச்சுவின் பார்வை தானாக கேட் பக்கம் போய் வந்தது.

பரிகாரம் ஒன்று இருந்தது. கியர்பாக்ஸுக்குள்ளே சக்கரங்களைச் சுற்றவைக்கிற பெரிய பல்சக்கரத்தை, கிரவுன் என்பார்கள், கழற்றி மறுபக்கமாகத் திருப்பிப் போட வேண்டும். இந்தக் காரின் கியர்பாக்ஸில் அதற்கு இடமுண்டு. ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடுகிற இடைவெளி தலைமுடிக் கனம். கூடினால் கத்தும், குறைந்தால் கடித்துக்கொள்ளும். அந்தக் கை ஊரில் ஒரே ஒருவருக்குத்தான். அவர் உச்சுவின் சகலை. மனைவியின் தங்கை கணவர். அவரோடு உச்சு பேசி ஒன்பது வருடம்.

சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. சகலை ஒரு பழைய கார் வாங்கி, சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு, முகமெல்லாம் பல்லாக மூடியைத் திறந்து காட்டினார். இரண்டு உச். "எஞ்சினைப் பத்தித் தெரியலேன்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சகலை? செருப்பு தைக்கிறவர் தலைக்கு வைத்தியம் பாத்தா இப்படித்தான்." இருபத்திரண்டு பேர் முன்னால். அந்தக் கார் மூன்றாம் மாதம் நடுரோட்டில் நின்றுபோனது வேறு விஷயம். சரியாகச் சொன்னதைத்தான் சகலையால் மன்னிக்க முடியவில்லை.

உச்சு மனைவிக்குப் போன் செய்தார். மனைவி தங்கைக்குச் செய்தாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"செஞ்சு தர்றாராம். ஞாயித்துக்கிழமைக்குள்ளயே. ஆனா ஒரு நிபந்தனை" என்றாள் மனைவி. அவள் சிரிப்பை அடக்குவது போனில் கேட்டது. "கட்டி இழுத்துட்டு வரக் கூடாதாம். லாரில ஏத்திட்டும் வரக் கூடாதாம். நீங்களேதான் ஓட்டிட்டு வரணுமாம்."

"என்னத்தை ஓட்டுறது? எல்லாம் பின்னாடி போகுது!"

"அதையும் சொன்னேன். முன்னாடி போக ஒரு கியர் இருக்குல்ல, அது போதும்னுட்டாரு."

இரண்டு கிலோமீட்டர். ரிவர்ஸ் கியர் எதற்காகச் செய்யப்பட்டது? வீட்டு வாசலில் நான்கு அடி நகர. அதில் இரண்டு கிலோமீட்டர் போனால் எஞ்சின் ஊரைக் கூட்டும், கார் மட்டும் பிள்ளை நடை நடக்கும். எல்லாம் முடிந்தும் ரேடியேட்டர் விசிறியின் ஸ்விட்ச் மட்டும் இன்னும் பாக்கி. எஞ்சின் சூடேறும்போதெல்லாம் இரண்டு வயர் முனையைக் கையால் ஒட்டிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இருப்பது இரண்டே இருக்கை. பல்பு கதவைத் திறந்து பவ்வியமாக ஏறிக்கொண்டான்.

"போலாமாண்ணே?"

பந்தயத்துக்கென்று பிறந்த கார் தெருவில் இறங்கியது. ஆறு சிலிண்டரும் கதற, கியர்பாக்ஸ் ஊளையிட, கார் நடந்தது. முதலாளியம்மா ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்; கால் ஊன்றி ஊன்றித்தான் வர முடிந்தது. அவருக்குப் பின்னால் பல் டாக்டர் கைபேசியோடு நடந்தே வந்தார், அவ்வப்போது முந்திப் போய் முன்பக்கமிருந்தும் படம் பிடித்தார்.

முடிதிருத்தும் கடைக்காரர் வாசலில் கைகட்டி நின்றார். "ஓட்டாதீங்க, துணி காயப்போடுங்க!" என்றார். பாதி முடிக்காரர் கை தட்டினார்.

மார்க்கெட் முனையில் சைக்கிளில் வந்த பாட்டு டீச்சர் பக்கத்தில் வந்து, உள்ளே குனிந்து பார்த்து, ஆளை அடையாளம் கண்டு, மணியடித்து, முந்திக்கொண்டு போனார். இந்த ஊரில் தான் நாக்கால் தொடாத ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை என்பது உச்சுவுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாரும் கடை வாசலுக்கு வந்திருந்தார்கள்.

"சூடு ஏறுது. வயரை ஒட்டு" என்றார் பல்லைக் கடித்தபடி.

"ஒட்டிட்டேண்ணே."

விசிறி சுழன்றது. பல்பு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சிரிக்கணும்னா சிரிச்சுத் தொலைடா."

"இல்லண்ணே. வயரைப் பிடி, வாயை மூடுன்னு சொல்லியிருக்கீங்க."

உச்சு சாலையைப் பார்த்தார். பார்க்க நிறைய நேரம் இருந்தது.

நாற்பது நிமிடம் கழித்துச் சகலையின் கியர்பாக்ஸ் பட்டறை வந்தது; மனைவி எண்ணும்போது சேர்க்காமல் விட்ட பட்டறை. உள்ளே மருந்துக்கடை மாதிரி சுத்தம். வெள்ளைத் துணி விரித்து, பல்சக்கரங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக அடுக்கியிருந்தார். அந்தச் சுத்தமே உச்சுவுக்கு எரிச்சலாக இருந்தது. சகலை காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து இணைப்புத் தகட்டைத் தடவிப் பார்த்தார். வாசலில் சேர்ந்திருந்த கூட்டத்தை எண்ணுவதுபோல் பார்த்தார். இருபத்திரண்டுக்குக் குறையாது.

"வேலை சுத்தமா இருக்கு" என்றார் சகலை. "செருப்பைத்தான் கால் மாத்திப் போட்டுட்டீங்க சகலை."

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் பல் டாக்டர் முன்னால் வந்தார். நடந்து வந்த களைப்பு, வெயில், அவமானம் எல்லாம் முகத்தில் சேர்ந்திருந்தன. "எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். நான் தப்பான எஞ்சின் வாங்கிட்டேனா? யாரு தப்பு இது?"

வாய்ப்பு தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. ஆயில் விளக்கை அழகுக்கு என்று நினைத்த ஆள். படுக்கை விரிப்பில் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு வந்த ஆள். ஆமாம் சார், தப்பான எஞ்சின் என்று சொன்னால் அதில் பொய்கூட இல்லை. இரண்டு உச்சும் நாக்கின் நுனியில் வந்து நின்றன. இருமல் வரவில்லை. ஸ்கூட்டரில் சாய்ந்திருந்த முதலாளியம்மா தலைக்கவசத்தைக் கழற்றினார், நன்றாகக் கேட்பதற்காக.

உச்சு நாக்கை மேலண்ணத்திலிருந்து எடுத்தார். சத்தம் வராமல் எடுப்பது இத்தனை கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது.

"எஞ்சின் நல்ல எஞ்சின்" என்றார். "இது எந்தப் பக்கம் சுத்துதுன்னு நான்தான் பாத்திருக்கணும். பாக்கல." பிறகு, யாரையும் பார்க்காமல், "இவன் சொன்னான். நான் கேக்கல" என்றார்.

"யாரு சொன்னாங்க?" என்றார் சகலை. அவர் காது மிக நன்றாகவே கேட்கும்.

"இவன். எலக்ட்ரீஷியன்."

பல்புக்கு வயர் கையிலிருந்து நழுவியது. பல் டாக்டரின் முகம் இளகியது. எஞ்சின் நல்ல எஞ்சின் என்ற முதல் வாக்கியத்துக்குப் பிறகு அவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "நான்தான் சொன்னேனே, அப்படியே உக்காந்துடும்னு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். முதலாளியம்மா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். "சனிக்கிழமை வண்டி பட்டறைக்கு வந்துடணும்" என்று உச்சுவிடம் சொன்னார். "நீங்களும்."

சகலை கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க உட்கார்ந்தார். வெளிச்சம் போதவில்லை. வயர் தொங்கும் கைவிளக்கை எடுத்து உச்சுவிடம் நீட்டினார். "இதைப் பிடிங்க."

இரண்டு மணி நேரம் உச்சு விளக்கைப் பிடித்தார். அந்த இரண்டு மணி நேரமும் சகலையின் கைகளையே பார்த்தார், ஒரே ஒரு குறை கிடைக்காதா என்று. கிரவுனைத் துணியில் ஏந்தித் திருப்பியபோது தேடினார். கனம் பார்த்துப் பார்த்துத் தகட்டுவளையங்களை வைத்து, மை தடவிப் பல் பதிவு பார்த்தபோது தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு அது உடம்புக்கு முடியாததுபோல் ஆகிவிட்டது. கடைசியில் சகலை கை துடைத்து எழுந்து, "பாருங்க சகலை, ஏதாவது தப்பு இருக்கா?" என்றார்.

"இல்ல."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு கியர்பாக்ஸையே பிரித்துக் கோத்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை உச்சு காரை ஓட்டிக்கொண்டு திரும்பினார். பக்கத்தில் பல்பு. விசிறிக்கு இப்போது ஸ்விட்ச் இருந்தது, பிடிக்க வயர் எதுவும் இல்லை. அதனால் பல்பு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றினால் என்னென்ன ஆகும் என்று விளக்கினான். பாதிக்கு மேல் தப்பு. உச்சு மூன்று தடவை இருமினார்.

சத்தம் கேட்டதும் முடிதிருத்தும் கடைக்காரர் கடைக்குள் இருந்த மூன்று பேரையும் வாசலுக்கு இழுத்து வந்து வரிசையாக நிறுத்தினார். மஞ்சள் கார் வளைவில் திரும்பி, இரண்டாவது கியரில், முன்னால், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அவர்களைத் தாண்டிப் பட்டறைக்குள் போய் நின்றது. மூன்று பேரும் கூட்டி வந்தவரைப் பார்த்தார்கள். இதைப் பார்க்கவா கூப்பிட்டாய் என்பதுபோல.

கடைக்காரர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தார்.

உச்.